சிறுநீர்ப்பையில் எழுதப்படும் தொழிற்சாலையின் வரலாறு

பென்சிடின் என்னும் வேதிப்பொருளையும் அதிலிருந்து தயாராகும் சாயங்களையும் கையாண்ட 33 இந்தியத் தொழிலாளர்களின் சிறுநீர் ஆய்வுக்கூடத்தில் சோதிக்கப்பட்டது. அப்பொருள்களோடு தொடர்பில்லாத 15 பேரின் சிறுநீர் ஒப்பீட்டுக்காக எடுத்துக்கொள்ளப்பட்டது. அகமதாபாத்தில் உள்ள தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனத்தின் ஆய்வாளர்களும் அமெரிக்க ஆய்வாளர்களும் இணைந்து நடத்திய இந்த ஆய்வின் முடிவுகள், 1996இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வெளிவந்தன. சிறுநீர்ப்பையின் உட்சுவரிலிருந்து உதிர்ந்து சிறுநீரோடு வெளியேறும் செல்களின் டி.என்.ஏ.வில் பென்சிடினின் வளர்சிதைப் பொருள் ஒட்டிக்கொண்டிருந்ததை அந்த ஆய்வு எடுத்துக்காட்டியது. தொழிற்சாலையின் நஞ்சு தொழிலாளியின் மரபுப்பொருள் வரை சென்று அமர்ந்துவிட்டதை உலகம் கண்ணால் கண்டது.

அந்தத் தொழிலாளர்கள் தங்கள் உடலிலிருந்து அறிவியலுக்கு ஒரு சான்றை அளித்தார்கள். அந்தச் சான்றுக்கு ஈடாக இந்நாட்டின் சட்டமும் நிர்வாகமும் சாயத் தொழிலாளர்களுக்கு என்ன அளித்தன என்பதே இன்று எழுப்ப வேண்டிய கேள்வி. சிறுநீர்ப்பைப் புற்றுநோய் எவ்வாறு உருவாகிறது என்பது குறித்துக் கடந்த இருபது ஆண்டுகளில் பெருகியுள்ள அறிவு, குறிப்பாக எபிஜெனடிக்ஸ் எனப்படும் மேல்மரபியல் அளித்துள்ள அறிவு, இக்கேள்வியை முன்னிலும் கூர்மையாக்கியிருக்கிறது.

தாமதத்தின் வரலாறு

இந்நோயின் வரலாறே தொழிலாளி வர்க்கத்தின் வரலாற்றோடு பின்னிப் பிணைந்தது. 1895இல் ஜெர்மனியின் பிராங்பேர்ட் நகர அறுவை மருத்துவர் லுட்விக் ரேன், ஃபுக்சின் என்னும் செந்நிறச் சாயம் தயாரித்த தொழிலாளர்களிடையே சிறுநீர்ப்பைக் கட்டிகள் தோன்றுவதை முதன்முதலில் பதிவு செய்தார். 1921இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, அனிலின் ஆலைத் தொழிலாளர்களின் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் குறித்துத் தனி அறிக்கையே வெளியிட்டது. 1938இல் வில்ஹெல்ம் ஹூப்பர், பீட்டா நாப்தைலமீன் என்னும் சாய இடைப்பொருள் நாய்களுக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோயை உண்டாக்குவதை நிரூபித்தார். அந்த ஆய்வை அவர் தொடங்கியது டியூபான்ட் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில். ஆய்வு வெளிவருவதற்கு முன்பே, 1937இல், அந்நிறுவனம் அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டது.

பிரிட்டனில் பீட்டா நாப்தைலமீன் உற்பத்தி 1949இல் கைவிடப்பட்டது. அதற்குச் சட்டபூர்வத் தடை வந்ததோ 1967இல். ரேன் எச்சரித்த நாளிலிருந்து எண்ணினால் 72 ஆண்டுகள். இந்த 72 ஆண்டுகளில் குறைந்தது அறிவு அன்று. அறிவைச் சட்டமாக்கும் விருப்பமே குறைந்திருந்தது. மேலைநாடுகளில் விதிகள் இறுகியபோது சாயங்களும் சாய இடைப்பொருள்களும் தயாரிக்கும் தொழில் விதி தளர்ந்த நாடுகளை நோக்கி நகர்ந்தது. அகமதாபாத்தின் வட்வா, நரோடா, தெற்கு குஜராத்தின் வாபி, அங்கலேஷ்வர் ஆகிய தொழிற்பேட்டைகள் அந்த உலகப் பிரிவினையில்தான் வளர்ந்தன.

இந்தியாவில் 1990களில் 42 பென்சிடின் சாயங்களும் அதையடுத்து 70 அசோ சாயங்களும் தடை செய்யப்பட்டன. அசோ சாயங்கள் மீதான தடை, 1994இல் ஜெர்மனி அத்தகைய சாயமிட்ட துணிகளைத் தன் சந்தையில் தடுத்த பிறகே வந்தது. ஐரோப்பியக் கடையில் சட்டை வாங்குபவரின் தோலைக் காப்பதற்கான விதி, அந்தச் சட்டைக்குச் சாயம் தயாரித்தவரின் சிறுநீர்ப்பையைக் காப்பதற்கான விதியை இழுத்துக்கொண்டு வந்தது. ஏற்றுமதி ஆபத்துக்குள்ளாகாமல் இருந்திருந்தால் அத்தடை எப்போது வந்திருக்கும் என்பதை எளிதில் ஊகிக்கலாம்.

எழுத்தும் புள்ளியும்

மேல்மரபியல் என்பது என்ன? மரபணுவின் எழுத்துகளை மாற்றாமல், அந்த எழுத்துகள் வாசிக்கப்படும் முறையை மாற்றும் செயல்பாடுகளை ஆராயும் துறை அது. எபிஜெனடிக்ஸ் என்னும் சொல்லை 1942இல் உருவாக்கியவர் பிரிட்டிஷ் உயிரியலாளர் வாடிங்டன். உடலின் எல்லாச் செல்களிலும் ஏறக்குறைய ஒரே டி.என்.ஏ. இருந்தும், ஒரு செல் கல்லீரலாகவும் மற்றொன்று நரம்பாகவும் இயங்குவதற்குக் காரணம், எந்த மரபணு பேச வேண்டும், எந்த மரபணு மௌனமாக இருக்க வேண்டும் என்று குறிக்கும் அடையாளங்களே.

தமிழ் எழுத்தை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். 'க' என்னும் எழுத்தின் மீது ஒரு புள்ளியை வைத்தால் அது 'க்' ஆகிறது. எழுத்தின் வடிவம் மாறவில்லை. அதனுள் ஒலித்த உயிர் அடங்கிவிடுகிறது. மரபணுவின் தொடக்கப் பகுதியில் சைட்டோசின் என்னும் எழுத்தின் மீது மெத்தில் என்னும் சிறு வேதித்தொகுதி அமரும்போதும் இதுவே நிகழ்கிறது. மரபணு அப்படியே இருக்கிறது. அதன் குரல் மட்டும் அடங்கிவிடுகிறது. இதற்கு டி.என்.ஏ. மெத்திலேற்றம் என்று பெயர். டி.என்.ஏ. இழை சுற்றிக்கொண்டிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களின் மீதும் இத்தகைய குறிகள் உண்டு. இழை இறுகியிருக்கிறதா, வாசிக்கத்தக்கவாறு தளர்ந்திருக்கிறதா என்பதை அவை தீர்மானிக்கின்றன.

ஓலைச்சுவடிகளில், ஓலை பொத்துவிடும் என்று அஞ்சிப் புள்ளியிடாமல் எழுதும் வழக்கம் இருந்தது. புள்ளி வேண்டிய இடத்தில் இல்லாவிட்டால் பொருள் குழம்பும். வேண்டாத இடத்தில் விழுந்தாலும் குழம்பும். புற்றுநோய்ச் செல்லில் இரண்டு பிழைகளும் ஒருசேர நிகழ்கின்றன. செல்லின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் காவல் மரபணுக்களின் மீது வேண்டாத புள்ளிகள் விழுந்து அவை ஊமையாகின்றன. அடங்கியிருக்க வேண்டிய பகுதிகளில் புள்ளிகள் அழிந்து, டி.என்.ஏ.வின் நிலைத்தன்மையே குலைகிறது.

சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் இந்தக் குழப்பத்தின் பங்கு மிகப் பெரியது. 2011இல் சீன ஆய்வாளர்கள் 97 நோயாளிகளின் கட்டிகளை ஆராய்ந்தனர். டி.என்.ஏ.வும் ஹிஸ்டோன்களும் சேர்ந்த குரோமாட்டின் என்னும் கட்டமைப்பை நெறிப்படுத்தும் மரபணுக்களில் 59 சதவீத நோயாளிகளிடம் பழுது இருந்தது. 2014இல் அமெரிக்காவின் புற்றுநோய் மரபணுத்தொகுதி வரைபடத் திட்டம், தசைச்சுவர் வரை ஊடுருவிய 131 கட்டிகளை ஆராய்ந்தது. அதுவரை ஆராயப்பட்ட பொதுவான புற்றுநோய்கள் எவற்றைக் காட்டிலும் இந்நோயில்தான் குரோமாட்டினை நெறிப்படுத்தும் மரபணுக்கள் அதிகமாகப் பழுதடைகின்றன என்று அது அறிவித்தது. அதாவது, சில எழுத்துகள் மட்டும் சிதையவில்லை. புள்ளி வைப்பவரின் கையே நடுங்கத் தொடங்கியிருக்கிறது.

மற்றொரு உண்மையும் முக்கியமானது. 2010இல் வெளியான ஓர் ஆய்வு, நோயாளிகளின் சிறுநீர்ப்பையில் கட்டி இல்லாத, பார்வைக்கு இயல்பாகத் தோன்றும் பகுதிகளிலும் மெத்தில் குறிகள் பிறழ்ந்திருப்பதைக் காட்டியது. கட்டி என்பது முளைவிட்ட ஒரு விதை மட்டுமே. நிலம் முழுவதும் முன்பே கெட்டிருக்கிறது. ஒரு கட்டியை வெட்டி எடுத்த பின்னும் வேறிடத்தில் புதிய கட்டி தோன்றுவதும், நோயாளி ஆண்டுக்கணக்கில் கண்காணிப்பில் இருக்க நேர்வதும் ஏன் என்பதை இது விளக்குகிறது. நஞ்சோடு பழகிய முதல் நாளுக்கும் சிறுநீரில் இரத்தம் தோன்றும் நாளுக்கும் இடையே 10, 20, ஏன் 30 ஆண்டுகளுக்கு மேலும் கழியலாம். அந்த இடைக்காலம் வெறுமையானது அன்று. அது பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும் காலம்.

'பழக்கம்' என்னும் குற்றச்சாட்டு

உலகில் 2022ஆம் ஆண்டில் மட்டும் 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் புதிதாகச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு ஆளாயினர். சுமார் 2 லட்சத்து 20 ஆயிரம் பேர் இறந்தனர். இந்நோய்க்கு முதன்மைக் காரணம் புகைபிடித்தல் என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்த உண்மை முதலாளிகளின் கையில் ஆயுதமாகிறது. நோயுற்ற சாயத் தொழிலாளியோ ரப்பர் தொழிலாளியோ பெயின்டரோ இழப்பீடு கேட்டு வரும்போது, "நீ பீடி குடித்தாயா?" என்பதே முதல் கேள்வியாக இருக்கிறது. "ஆம்" என்று அவர் பதில் சொன்னதும் தொழிற்சாலையின் கணக்கு முடித்துவைக்கப்படுகிறது.

இந்த வாதம் அறிவியலின்படி நிற்காது. புகையிலைப் புகையில் சிறுநீர்ப்பையைத் தாக்கும் பொருள்களில் முக்கியமானவை பீட்டா நாப்தைலமீன், நான்கு-அமினோபைஃபினைல் ஆகிய அரோமாட்டிக் அமீன்கள். சாயத் தொழிலாளர்களையும் ரப்பர் தொழிலாளர்களையும் கொன்ற அதே அமீன்கள். பீடியின் வழியாகக் கொஞ்சமும் ஆலையின் வழியாகக் கொஞ்சமும் உடலுக்குள் வந்த ஒரே குடும்ப நஞ்சு, ஒரே உறுப்பில் ஒரே விதமான சேதத்தைச் செய்கிறது. ஒரு காரணம் இருப்பதால் மற்றொன்று இல்லாமல் போய்விடுவதில்லை; இரண்டும் கூடுகின்றன. பீடி குடிக்கும் தொழிலாளியை நஞ்சிலிருந்து காக்கும் கடமை முதலாளிக்குக் குறைவதில்லை, கூடவே செய்கிறது.

'பரம்பரை' என்னும் வாதமும் இவ்வாறே. அமீன்களை உடல் செயலிழக்கச் செய்யும் வேகம் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. அதைத் தீர்மானிக்கும் நொதியின் மரபணு வகையைச் சோதித்து, 'எளிதில் பாதிக்கப்படக் கூடியவர்களை' வேலைக்கு எடுக்காமல் தவிர்க்கலாம் என்ற யோசனை மேலைநாடுகளில் பலமுறை எழுந்ததுண்டு. இந்திய மக்களில் கணிசமானோர் மெதுவாகச் செயல்படும் வகையைச் சேர்ந்தவர்கள். தொழிலாளியைத் தேர்ந்தெடுத்து நஞ்சை அப்படியே வைத்துக்கொள்வது பாதுகாப்பு ஆகாது. அது வேலையிலிருந்து விலக்கி வைப்பதற்கான மற்றொரு வழி. தவிர்க்கப்பட வேண்டியது நஞ்சுதான். மேல்மரபியல் சோதனைகள் நாளை தொழிற்சாலை வாசலுக்கு வந்தால், அவை எவர் கையில் இருக்கும் என்பதைத் தொழிற்சங்கங்கள் இன்றே சிந்திக்க வேண்டும்.

நிரூபிக்கும் சுமை யாருடையது?

சட்டப் புத்தகத்தைப் புரட்டினால் இந்தியத் தொழிலாளிக்குக் குறையேதும் இல்லை என்று தோன்றும். 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், சிறுநீர்ப்பை, சிறுநீரகம், சிறுநீர்க்குழாய் ஆகியவற்றின் உட்சுவரில் தோன்றும் புற்று 2025 வரை தொழில்சார் நோயாக இடம்பெற்றிருந்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தில் தொழில்சார் புற்றுநோய் 2025 வரை அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோயாக இருந்தது. போபால் படுகொலைக்குப் பிறகு 1987இல் அச்சட்டத்தில் சேர்க்கப்பட்ட 41-சி பிரிவு இன்னும் ஒருபடி மேலே சென்றது. ஆபத்தான பொருள்களைக் கையாளும் தொழிலாளிக்கு, வேலையில் சேரும் முன்பும், வேலையில் இருக்கும்போதும், வேலையை விட்ட பின்பும் கூட, 12 மாதங்களுக்கு மிகாத இடைவெளியில் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டிய கடமையை அது முதலாளி மீது சுமத்தியது.

"வேலையை விட்ட பின்பும்" என்ற இந்தச் சொற்கள் சிறுநீர்ப்பைப் புற்றுநோயைப் பொறுத்தவரை உயிர் காக்கும் சொற்கள். நோய் வருவது பெரும்பாலும் அப்போதுதான். ஆனால் ஒப்பந்தக்காரரின் பதிவேட்டில் பெயரே இல்லாமல் உத்தரப் பிரதேசத்திலிருந்தோ பிகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்து, சில ஆண்டுகள் சாயத்தூளில் உழைத்து, உடல் தளர்ந்ததும் ஊர் திரும்பும் ஒரு தொழிலாளியை எந்த முதலாளி தேடிச் சென்று பரிசோதிப்பார்? 20 ஆண்டுகளுக்குப் பின் அவர் தம் மாவட்ட மருத்துவமனையில் சிறுநீரில் இரத்தம் என்று சொல்லும்போது, "இதற்கு முன் எங்கே, என்ன வேலை செய்தீர்கள்?" என்று கேட்பவர் அரிது. கேட்கப்படாத கேள்விக்குப் பதிவும் இல்லை. பதிவு இல்லாத நோய்க்கு இழப்பீடும் இல்லை. பிறகு, 'இந்தியாவில் தொழில்சார் புற்றுநோய் குறைவு' என்று அதிகாரிகள் சொல்வதற்கு அந்த வெற்றுப் பதிவேடே ஆதாரமாகிறது.

இந்நிலையில்தான் மோடி அரசு, 2020 செப்டம்பரில் எதிர்க்கட்சிகள் அவையில் இல்லாத வேளையில், தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் சட்டத் தொகுப்பை நாடாளுமன்றத்தில் நிறைவேற்றிக்கொண்டது. மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் வேலை செய்தாலே தொழிற்சாலை என்றிருந்த வரையறை 20 பேராக உயர்த்தப்பட்டது. மின்சாரம் இல்லாத இடத்தில் 20 பேர் என்பது 40 ஆனது. சாயம் கலக்கும், பொடியாக்கும், பொட்டலமிடும் வேலைகள் பெரும்பாலும் சிறு கூடங்களில் நடப்பவை என்பதை நினைவிற்கொண்டால், இந்த எண்மாற்றம் யாரைச் சட்டத்தின் குடைக்கு வெளியே தள்ளுகிறது என்பது புரியும். ஆய்வாளர் என்ற பதவியும் 'ஆய்வாளரும் வசதி செய்து தருபவரும்' என்றாகிவிட்டது. வசதி யாருக்கு என்பதைச் சொல்லத் தேவையில்லை.

தொழில்சார் புற்றுநோய் குறித்த சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 139ஆவது உடன்படிக்கை 1974இல் ஏற்கப்பட்டது. புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களுக்கு மாற்றுகளைக் கொண்டுவருதல், பதிவேடு பராமரித்தல், வேலைக்காலத்திலும் அதற்குப் பின்னரும் மருத்துவப் பரிசோதனை செய்தல் ஆகியவற்றை அது வலியுறுத்துகிறது. இந்தியா இன்றுவரை அதற்கு ஒப்புதல் அளிக்கவில்லை.

போராட்டம் என்ன சாதிக்கும் என்பதற்கு ஜப்பானில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. புகுய் மாகாணத்தின் ஒரு வேதித் தொழிற்சாலையில் ஆர்த்தோ டொலுயிடின் என்னும் அமீனைக் கையாண்ட தொழிலாளர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு ஆளாவதைத் தொழிலாளர்களே கவனித்தனர். தொழிற்சங்கத்தின் வழியாக 2015இல் அதை வெளியுலகுக்குக் கொண்டுவந்தனர். 2016இல் ஜப்பான் அரசு அதைத் தொழில்சார் நோயாக ஏற்றது. 2021இல் நீதிமன்றம் நிறுவனத்தைப் பொறுப்பாளியாக்கித் தீர்ப்பளித்தது. அமெரிக்காவின் நயாகரா நீர்வீழ்ச்சி நகரில் ரப்பர் வேதிப்பொருள் ஆலை ஒன்றில் அதே அமீன் குறித்து அரசு நிறுவனம் 1991இல் வெளியிட்ட ஆய்வுக்கும் தூண்டுகோலாக இருந்தது தொழிற்சங்கத்தின் முறையீடே. இரு இடங்களிலும் முதல் ஆய்வாளர், பக்கத்து இயந்திரத்தில் நின்ற சக தொழிலாளியின் நோயைக் கவனித்த தொழிலாளிதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. மேல்மரபியல் வளர்ந்துவிட்டதால், "உன் நோய் தொழிற்சாலையால் வந்தது என்பதை மெத்தில் குறிகளைக் காட்டி நிரூபி" என்று தொழிலாளியிடம் கேட்கும் நிலை வந்துவிடக் கூடாது. ஒரு தனிமனிதரின் கட்டியைப் பார்த்து, அது இன்ன ஆலையின் இன்ன பொருளால் வந்தது என்று தீர்ப்புச் சொல்லும் நிலையை அந்த அறிவியல் எட்டவில்லை. மேல்மரபியல் சொல்வது வேறு. சூழலின் நஞ்சு மரபணுவின் இயக்கத்தில் பதிகிறது, அந்தப் பதிவு ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது என்ற பொது உண்மையை அது உறுதிப்படுத்துகிறது. ஆகவே, அத்தகைய பொருளோடு உழைத்தவருக்கு அத்தகைய நோய் வந்தால், அது தொழிலால் வந்ததாகவே சட்டம் கொள்ள வேண்டும். இல்லை என்று நிரூபிக்கும் சுமை முதலாளியுடையதாக இருக்க வேண்டும்.

கிணற்றுக்குள் இருக்கும் ஆலை

தொழிற்சாலை வாசலோடு இப்பிரச்சனை முடிவதில்லை. கங்கைச் சமவெளியின் நிலத்தடி நீரில் கலந்துள்ள ஆர்செனிக்கும் சிறுநீர்ப்பைப் புற்றுநோயை உண்டாக்கும் பொருளே. சிலி நாட்டின் அன்டோஃபகாஸ்டா நகர மக்கள் 1958 முதல் 1970 வரை லிட்டருக்கு 800 மைக்ரோகிராமுக்கும் அதிகமாக ஆர்செனிக் கலந்த நீரைக் குடித்தார்கள். உலக சுகாதார அமைப்பு அனுமதிக்கும் அளவு 10 மைக்ரோகிராம். அங்கு நீர் சுத்திகரிக்கப்பட்ட பின்னும் பல பத்தாண்டுகள் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் மரணங்கள் மிகுந்தே இருந்தன.

மேற்கு வங்கத்தில் ஆர்செனிக் பாதிப்பு 1980களின் தொடக்கத்திலேயே கண்டறியப்பட்டது. பிகாரின் போஜ்பூர் மாவட்டத்தில் 2002இலும், அதையடுத்து உத்தரப் பிரதேசத்தின் பல்லியாவிலும் ஜாதவ்பூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைக் கண்டனர். ஆர்செனிக் உடலுக்குள் சென்றதும் உடல் அதன்மீது மெத்தில் தொகுதிகளை ஏற்றி வெளியேற்ற முயல்கிறது. மரபணுக்களுக்குப் புள்ளியிட உடல் பயன்படுத்தும் அதே மெத்தில் கையிருப்பிலிருந்தே இதற்கும் எடுக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கையிருப்பைப் பெருக்குவது ஃபோலேட் போன்ற சத்துகள் நிறைந்த உணவு. வங்கதேசத்தில் ஃபோலேட் குறைவாக இருந்தவர்களுக்கு ஃபோலிக் அமிலம் கொடுத்தபோது, அவர்கள் இரத்தத்தில் ஆர்செனிக் அளவு குறைந்ததை ஆய்வாளர்கள் காட்டினர்.

இதன் பொருள் தெளிவானது. ஒரே கிணற்று நீரைக் குடித்தாலும், கீரையும் பருப்பும் உண்ண இயலும் குடும்பத்தைவிட வெறும் சோற்றை உண்ணும் கூலி விவசாயியின் குடும்பம் நஞ்சை அதிகமாகச் சுமக்கிறது. ரேஷன் கடையில் பருப்பு தருவதும் குழாயில் நல்ல நீர் தருவதும் புற்றுநோய்த் தடுப்புத் திட்டங்களே. உணவுப் பாதுகாப்பை இலவசம் என்று ஏளனம் செய்பவர்கள் இதையும் கணக்கில் கொள்ளட்டும்.

அறிவு யாருடைய சொத்து?

மேல்மரபியல் மாற்றங்களின் ஒரு தன்மை நம்பிக்கையளிப்பது. சிதைந்த எழுத்தைத் திருத்துவது மிகக் கடினம். தவறாக விழுந்த புள்ளியை அழிப்பது, கொள்கையளவிலேனும், இயலும். டி.என்.ஏ. மெத்திலேற்றத்தைத் தடுக்கும் அசாசைட்டிடின் என்னும் மருந்து முதன்முதலில் தயாரிக்கப்பட்டது 1964இல், சோஷலிச செக்கோஸ்லோவாகியாவின் தலைநகர் பிராகாவில், அந்நாட்டு அறிவியல் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில். பொதுப்பணத்தில் பிறந்த அந்த மூலக்கூறு, 2004இல் இரத்த நோய் ஒன்றுக்கான மருந்தாக அமெரிக்க ஒப்புதல் பெற்று, தனியார் நிறுவனத்தின் விலைச்சீட்டோடு சந்தைக்கு வந்தது. சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் இவ்வகை மருந்துகள் இன்னும் ஆய்வுக் கட்டத்தைத் தாண்டவில்லை. அற்புத மருந்து வந்துவிட்டது என்று விளம்பரம் செய்பவர்களை நம்பிவிடக் கூடாது.

உடனடிப் பயன் வேறிடத்தில் இருக்கிறது. சிறுநீர்ப்பையின் செல்கள் சிறுநீரில் உதிர்வதால், அவற்றின் மெத்தில் குறிகளைச் சிறுநீரிலிருந்தே படிக்கலாம். சிகிச்சை முடிந்தவர்களுக்கு நோய் திரும்புகிறதா என்று கண்காணிக்க இத்தகைய சோதனைகள் சில நாடுகளில் பயன்பாட்டுக்கு வந்துவிட்டன. குழாய் செலுத்திப் பார்க்கும் சிஸ்டோஸ்கோப்பி சோதனையை அவை முற்றிலும் நீக்கிவிடாது. ஆனால் ஆண்டுக்குப் பலமுறை நகரத்து மருத்துவமனைக்கு அலையும் ஏழை நோயாளியின் சுமையைக் குறைக்க முடியும். அச்சோதனைகள் காப்புரிமை பெற்ற பெட்டிகளாக இறக்குமதியாகும் வரை, அவை வசதி படைத்தவர்களுக்கே எட்டும். அவற்றை உள்நாட்டில், பொதுத்துறையில் உருவாக்கும் திறன் இந்திய அறிவியல் நிறுவனங்களுக்கு உண்டு. இல்லாதிருப்பது அதற்கான அரசியல் முடிவு.

பி.சி.ஜி.யின் கதை இதற்குப் பாடம். காசநோய்த் தடுப்பூசியான அதையே சிறுநீர்ப்பைக்குள் செலுத்தி, மேலோட்டமான கட்டிகள் மீண்டும் வராமல் தடுக்கும் முறை 1976 முதல் நடைமுறையில் இருக்கிறது. நோய் எதிர்ப்புச் செல்களின் ஹிஸ்டோன் குறிகளை மாற்றி அவற்றுக்குப் 'பயிற்சி' அளிக்கும் ஆற்றல் பி.சி.ஜி.க்கு உண்டு என்று 2012இல் கண்டறியப்பட்டது. காப்புரிமை இல்லாத, லாபம் குறைந்த இம்மருந்தின் உற்பத்தியிலிருந்து ஒரு பன்னாட்டு நிறுவனம் விலகியதும், உலகெங்கும் தட்டுப்பாடு ஏற்பட்டது. இந்தியாவிலோ, 1948 முதல் இயங்கிய சென்னை கிண்டி பி.சி.ஜி. ஆய்வகத்தின் உற்பத்தி உரிமத்தை 2008இல் ஒன்றிய அரசே நிறுத்திவைத்தது. குன்னூர், கசௌலி பொதுத்துறை நிறுவனங்களுக்கும் அதே கதி நேர்ந்தது. இடதுசாரிகளும் மருத்துவ நல இயக்கங்களும் போராடிய பின்னரே அந்த முடிவு திரும்பப் பெறப்பட்டது. சந்தைக்கு ஆர்வமில்லாத மருந்தைப் பொதுத்துறைதான் தயாரிக்க முடியும்.

அறிவியலுக்கு நேர்மையாக

மேல்மரபியலைக் கண்டு சிலர் அளவுக்கு மீறிய முடிவுகளுக்குத் தாவுவதும் உண்டு. சூழல் மரபணுவின் இயக்கத்தை மாற்றுகிறது என்பதால், 'மரபியலே பொய். லைசென்கோ சொன்னதே சரி' என்று வாதிடுவது பிழை. சோவியத் உயிரியலில் லைசென்கோவின் ஆதிக்கம் விளைவித்த சேதமும், மாபெரும் தாவரவியலாளர் வாவிலோவ் 1943இல் சிறையில் மாண்டதும், இடதுசாரி இயக்கம் மறக்கக் கூடாத கசப்பான பாடங்கள். சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் மரபணுத் திரிபுகளும் மேல்மரபியல் மாற்றங்களும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல, ஒன்றோடொன்று வினைபுரிபவை. அமீன்கள் டி.என்.ஏ.வில் நேரடியாக ஒட்டி எழுத்துகளையும் சிதைக்கின்றன. இயங்கியலை மதிப்பவர்கள் உண்மையை அதன் முழுமையில் ஏற்க வேண்டும்.

மறுபுறம், உயிரியலின் பெயரால் பொய்களை விற்பவர்களும் இருக்கிறார்கள். ஆர்.எஸ்.எஸ். சார்பு அமைப்பான ஆரோக்கிய பாரதி, கர்ப்ப சம்ஸ்காரத்தின் மூலம் 'உத்தம சந்ததி'யை உருவாக்கலாம் என்று 2017இல் பரப்புரை செய்தது. கர்ப்பிணியின் உடலில் படியும் ஆர்செனிக்கைப் பற்றியோ ரத்தசோகையைப் பற்றியோ பேசாமல், குழந்தையின் நிறத்தையும் உயரத்தையும் பற்றிப் பேசும் விஞ்ஞானம் அது. சூழலை மாற்ற வேண்டிய அரசின் பொறுப்பைத் தாயின் தலையில் சுமத்தும் தந்திரத்துக்கு மேல்மரபியல் இரையாகிவிடக் கூடாது.

செய்ய வேண்டியவை

கோரிக்கைகள் தெளிவானவை. 139ஆவது உடன்படிக்கைக்கு இந்தியா ஒப்புதல் அளிக்க வேண்டும். ஒவ்வொரு புற்றுநோய்ப் பதிவேட்டிலும் நோயாளியின் வாழ்நாள் வேலை வரலாறு கட்டாயமாக இடம்பெற வேண்டும். அரோமாட்டிக் அமீன்களைக் கையாளும் எல்லா இடங்களும், வேலை செய்வோரின் எண்ணிக்கை எதுவாக இருப்பினும், பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வர வேண்டும். வேலையை விட்ட பின்னும் தொடரும் இலவசப் பரிசோதனை, புலம்பெயர் தொழிலாளியின் சொந்த மாவட்டத்திலேயே இ.எஸ்.ஐ. வழியாகவும் அரசு மருத்துவமனைகள் வழியாகவும், முதலாளிகளிடம் வசூலிக்கப்படும் நிதியில் நடைபெற வேண்டும். இழப்பீட்டில் நிரூபிக்கும் சுமை முதலாளிக்கு மாற்றப்பட வேண்டும்.

சட்டம் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகளும் உண்டு. வலியே இல்லாமல் ஒருமுறை சிறுநீர் சிவந்து தானாகவே சரியாகிவிட்டாலும் அது மருத்துவரிடம் செல்ல வேண்டிய அறிகுறி என்பதை ஒவ்வொரு சாயக்கூடத்திலும், ரப்பர் ஆலையிலும், பெயின்டர் சங்கத்திலும் சொல்ல முடியும். எந்தக் கூடத்தில் எந்தப் பொருள் பயன்படுகிறது, யார் யார் எத்தனை ஆண்டுகள் வேலை செய்தார்கள், யார் நோயுற்றார்கள் என்று சங்கக் கிளையே ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைக்க முடியும். முதலாளி பராமரிக்காத அந்தப் பதிவேடு, 20 ஆண்டுகளுக்குப் பின் ஒரு தொழிலாளியின் விதவைக்கு இழப்பீட்டைப் பெற்றுத்தரும் ஆவணமாக மாறலாம்.

சாயத் தொழிலாளி பதிவேட்டில் பெயரில்லாமல் ஊர் திரும்பலாம். ஒப்பந்தக்காரர் அவரை மறந்துவிடலாம். ஆலையே பெயர் மாறிப் போகலாம். ஆனால் அவர் சுவாசித்த ஒவ்வொரு நாளின் தூளையும் அவர் உடல் கணக்கு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கைப் படிக்க அறிவியல் கற்றுக்கொண்டுவிட்டது. அதைத் தீர்க்க வைப்பது தொழிலாளி வர்க்க இயக்கத்தின் பணி.